டாக்டர் வரும்வரை பல் காத்திருக்காது

"வாத்தியார் வேலை பாடம் நடத்துவது. பல் வைத்தியமெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்." ஒரு பள்ளி ஆண்டுவிழா மேடையில் அதன் நிர்வாகி இப்படிப் பேசினார். விளையாட்டில் பல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லித்தருகிறேன் என நான் கேட்டிருந்தேன். அதற்கான பதில் அது. கூட்டம் கைதட்டியது. வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் கைதட்டலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதே பேச்சை இன்றும் பள்ளிக்குப் பள்ளி கேட்கிறேன்.

இது ஆசிரியர் வேலை இல்லையாம். முழங்கால் சிராய்த்தால் துடைத்துக் கட்டுப்போடுவது யார்? அதே ஆசிரியர்தானே?

ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வருமாம். பிள்ளையின் பல்லைப் பாலில் போட்டுக் கொடுத்தார் என்று எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

விழுந்த பல் தானே முளைக்குமாம். முளைக்கும், பால் பல்லாக இருந்தால். அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லின் குருத்து கெடும். ஆனால் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஏழெட்டு வயதிலேயே நிலைப்பற்களாகிவிடுகின்றன. அகலமாக, விளிம்பில் ரம்பம்போல் சிறு மேடுகளோடு இருக்கும். அது விழுந்தால் இன்னொன்று வராது. கூரையில் எறிகிற பல் அல்ல அது.

கடைசி வாதம்தான் பெரிய கேடு: "முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மற்றதை டாக்டர் பார்ப்பார்." டாக்டர் நான்தான். நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன். ஓடும்போது தூணில் மோதிவிட்டான். பள்ளி ஆயா அவனை அணைத்தபடி வந்தார். பையனின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினார்; காம்பஸுக்குப் பக்கத்தில் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய முழுப் பல். "நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவித்தான் சார் கொண்டாந்தேன்" என்றார். விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பல்லின் வேர்மேல் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு மீண்டும் பிணைப்பது அதிலுள்ள உயிரணுக்கள்தான். வெளியில் காய்ந்து கிடந்தால் அரை மணி நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். தேய்த்துக் கழுவினால் சவ்வே உரிந்துபோகும். தண்ணீரில் ஊறவிட்டால் அணுக்கள் உப்பி வெடிக்கும். அதன் பிறகு பல்லைப் பொருத்தினாலும் அது எலும்போடு இறுகி, வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். தாடை வளர்ந்து முடியும்வரை இம்பிளாண்ட் வைக்கவும் வழியில்லை. பத்து வயதுப் பிள்ளை அதுவரை வாயைக் கையால் மறைத்துச் சிரிக்க வேண்டும்.

அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கறையோடுதான் செய்தார். சொல்லித்தர ஆளில்லை. ஸ்டாஃப் ரூமில் டீக்கு வாங்கிய பால் இருக்கும். இல்லையென்றால் எதிர் டீக்கடையில் இருக்கும். அதில் போடத் தெரிந்திருந்தால் போதும்.

பல்காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: விழுந்த நிலைப்பல்லை விழுந்த இடத்திலேயே பொருத்துவதுதான் சிறந்தது. அதாவது முதல் சிகிச்சை நடக்க வேண்டிய இடம் என் கிளினிக் அல்ல, உங்கள் விளையாட்டு மைதானம்.

ஆசிரியர்களே, பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள். அது நிலைப்பல்லாக இருந்து, பிள்ளையும் நினைவோடு இருந்தால், பல்லைக் குழியில் திரும்ப வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஆறிய பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிவையுங்கள்.