குழந்தை யாரிடம் வளர வேண்டும்?

கணவனும் மனைவியும் பிரிந்த பின் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில் நமது குடும்ப நல நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: குழந்தையின் நலன். அதுவே தலையாயது என்று 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13ஆவது பிரிவு கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சி 1890இல் இயற்றிய பாதுகாவலர் சட்டமும், விவரம் அறிந்த வயதினதாயின் குழந்தையின் விருப்பத்தையும் கருத இடமளிக்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்பதை ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கோட்பாட்டில் குறையில்லை. அது நிறுக்கப்படும் தராசுதான் சாய்ந்திருக்கிறது.

முதலில் சட்டத்தின் சொற்களையே பார்ப்போம். அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை. அவருக்குப் 'பிறகு' தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்று ஒரு சலுகையும் அதில் உண்டு. சோறூட்டுவதற்குத் தாய், கையெழுத்திடுவதற்குத் தந்தை என்பதே இதன் பொருள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க முனைந்தபோது தந்தையின் கையொப்பம் கேட்கப்பட்டது. அவ்வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம், 'பிறகு' என்பதற்குத் 'தந்தையின் மறைவுக்குப் பின்' என்று மட்டும் பொருளன்று, அக்கறையின்மையாலோ உடன்பாட்டாலோ இயலாமையாலோ தந்தை பொறுப்பிலிருந்து விலகி நிற்கும் நிலையையும் அது குறிக்கும் என்று விளக்கியது. ஒரு சிறு சொல்லுக்குப் பொருள் காண இந்நாட்டிற்கு 43 ஆண்டுகள் ஆயின! அப்போதுங்கூடத் தந்தை விலகிய இடத்திலிருந்துதான் தாயின் உரிமை தொடங்குகிறது. 2010இல் நாடாளுமன்றம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் தந்தையோடு தாயையும் சேர்த்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடவில்லை. சட்ட ஆணையம் 1989இலும் 2015இலும் பரிந்துரைத்தும் அச்சொல் அப்படியே நிற்கிறது. முஸ்லிம் தனிச்சட்டத்திலும் வளர்ப்பு தாயிடம், பாதுகாவலுரிமை தந்தையிடம் என்ற இதே பாகுபாடுதான். பொது சிவில் சட்டம் என்று நாள்தோறும் முழங்குவோர் தங்கள் வீட்டுச் சட்டத்தின் இந்த ஒரு சொல்லைக்கூடத் திருத்த முன்வராததேன்?

நீதிமன்றத்திற்குள் நிகழ்வதோ சட்டத்தின் சொற்களைவிடக் கடுமையானது. கணவனுக்குச் சொந்த வீடும் சம்பளச் சான்றும் இருக்கின்றன. மனைவி பிறந்த வீட்டின் ஓர் அறையிலோ வாடகை வீட்டிலோ ஒண்டியிருக்கிறாள். அவள் வேலைக்குச் சென்றால் குழந்தையை யார் கவனிப்பது என்ற கேள்வி எழுகிறது. செல்லாவிட்டால் எதைக்கொண்டு வளர்ப்பாள் என்ற கேள்வி எழுகிறது. தந்தையிடம் முதற்கேள்வி எழுவது அரிது. அவருடைய தாயோ சகோதரியோ ஊதியமின்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது எழுதப்படாத விடை. பொருள் வசதி மட்டுமே முடிவு செய்யாது என்று உயர் அமர்வுகள் பலமுறை கூறியும், ஆண்டுக்கணக்கில் சமைத்துப் படிக்கவைத்த உழைப்பு எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை.

தாமதமும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. இடைக்கால உத்தரவுக்கே மாதங்கள் கடந்தால், முதலில் குழந்தையைத் தூக்கிச் சென்றவருக்கே அது பழகிவிடுகிறது; பிறகு, பழகிய சூழலைக் குலைக்க வேண்டாமென்ற வாதம் எழுகிறது. இந்த அச்சத்தில்தான் பல பெண்கள் ஜீவனாம்சத்தையும் நகைகளையும் விட்டுக்கொடுத்துப் பிள்ளையை 'வாங்கி' வருகிறார்கள். ஏடுகளில் அது சமரசம் என்று பதிவாகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. வழக்குரைஞரை வைத்துக்கொள்வது அங்கே உரிமையும் அன்று. சமமற்ற இருவரிடையே நிகழும் சமரசத்தில் விட்டுக்கொடுப்பவர் யாரென்பதைச் சொல்லத் தேவையில்லை.

தந்தையர்க்குப் பாசமில்லை என்று நாம் கூறவில்லை. வாரத்திற்கு ஓரிரு மணி நேரம் நீதிமன்ற வளாகத்தில் தன் பிள்ளையைச் சந்திக்கும் தகப்பனின் துயரம் மெய்யானது. பிள்ளையை ஆயுதமாக்கும் பெற்றோர் இருபாலிலும் உண்டு. 2015ஆம் ஆண்டின் அறிக்கையில் சட்ட ஆணையம் முன்வைத்த கூட்டு வளர்ப்புப் பொறுப்பையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால், குடும்ப வன்முறை நிகழ்ந்த வழக்கிலும், ஜீவனாம்சம் நிலுவையிலுள்ள வழக்கிலும் அதை இயந்திரகதியில் திணித்தால், அடித்தவனின் வாசலுக்கே அவளை வாரந்தோறும் அனுப்புவதாகும்.

6ஆவது பிரிவைத் திருத்திப் பெற்றோர் இருவரையும் சமமான பாதுகாவலர்களாக்குவதை அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே ஒன்றிய அரசு செய்யலாம். இடைக்கால வளர்ப்புப் பொறுப்பு குறித்த உத்தரவுக்குக் கால வரம்பு வேண்டும். இரு தரப்பும் வருமானம், சொத்து பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டுமென 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளையைக் கண்டிப்புடன் செயற்படுத்த வேண்டும். 2017ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் திருத்தச் சட்டம் 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில்தான் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டுவேலை செய்யும் தாய்க்கும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தாய்க்கும் அது எட்டுவதில்லை. அங்கன்வாடிகளை முழுநாள் காப்பகங்களாக்கி, ஊழியர்களுக்கு அதற்குரிய ஊதியமும் வழங்கினால், குழந்தையை யார் கவனிப்பது என்று கேட்கும் நீதிபதிக்குச் சொல்ல அத்தாயிடம் ஒரு முகவரி இருக்கும்.