வாரம் ஒரு நடை: வெயிலுக்கு முன்னால் பாடாலூர்

மார்ச் பிறந்தால் போதும், குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் செர்ரிப் பூக்களும் பச்சைப் புல்வெளிகளுமாகப் படங்கள் வந்து குவியும். கூடவே, ‘வசந்தகாலத்தில் மலையேற ஏற்ற 10 இடங்கள்’. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வருகிறார்கள். நமக்கு? மாசி, பங்குனியில் காடே சருகாகக் கிடக்கும். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும். அப்போது காலை 11 மணிக்கே தார்ச்சாலை தகிக்கும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். ஆனால் தீ அபாயக் காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியிருந்தார்கள். மூடியிருக்கும் நேரத்தில், ‘உள்ளூர் ஆள் ஒருத்தரைத் தெரியும், உள்ளே கூட்டிப் போவார்’ என்று யாராவது அழைத்தால் தயவுசெய்து போகாதீர்கள்.

அப்படியானால் இந்த மாதங்களில் எங்கேதான் நடப்பது? காடில்லாத சின்னக் குன்று, கோட்டை, வெட்டவெளி. விடியலில் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இதற்குத் தோதான ஊர் பாடாலூர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பஸ்ஸில் இந்த ஊரைத் தூங்கிக்கொண்டே தாண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம்.

ஊரிலேயே ஒரு குன்று உண்டு. பூமலை சஞ்சீவிராயர் மலை என்பார்கள். மேலே ஆஞ்சநேயர். வீட்டில் பாட்டி, பேரன் என்று எல்லோரும் வந்திருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டியிருக்கும், அதனால் கல் சூடேறுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. மேலிருந்து பார்த்தால் கரிசல் காடு, நெடுஞ்சாலையில் எறும்பு வரிசையாக லாரிகள், மேற்கே நீலக் கோடாகப் பச்சைமலை. வழியெல்லாம் வேம்பும் புங்கமும் பூத்திருக்கும். நம் ஊர் வசந்தம் கண்ணுக்குத் தெரிவதைவிட மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

பாடாலூரின் உண்மையான அதிசயம் கிழக்கே, கொளக்காநத்தம் போகும் வழியில் இருக்கிறது. காரை என்ற கிராமத்தை ஒட்டி, மழை அரித்து அரித்து உண்டாக்கிய களிமண் மேடுகள். மரம் கிடையாது. சாம்பலும் பழுப்புமாக, நூற்றுக்கணக்கான குட்டி மலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். நடுநடுவே ஜிப்சம் வெள்ளைக் கீற்றுகளாக ஓடும். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது அது பளபளக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும், கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட்டுகளின் துப்பாக்கித் தோட்டா வடிவக் கற்களும் இந்த மண்ணிலிருந்துதான் வெளிப்படுகின்றன.

உலகெங்கும் புவியியல் படிப்பவர்களுக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரியும். 1862இல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பாடாலூருக்குப் பக்கத்தில், சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கிறதே, அதே ஊட்டத்தூர்தான். காரையின் பெயரிலும் ஓர் அடுக்கு இருக்கிறது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பையில் போடாதீர்கள். அந்த ஓடு எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் கடலின் கதையைப் படிக்கிறார்கள். வீட்டு ஷோகேசுக்கு வந்த பிறகு அது வெறும் கல். ஒவ்வொரு மழையும் புதிதாகக் கொஞ்சம் திறந்துவிடுகிறது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கொஞ்சம் அள்ளிப் போனால் என்ன மிஞ்சும்? படம் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடலாம். ஆசை தீரப் பார்க்க அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது.

காரையில் நிழல் என்ற பேச்சே இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, முடிந்தால் ஒரு செம்பு உப்புப் போட்ட மோர். மேட்டு விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம், மண் பொலபொலவென்று உதிரும். கோடை மழை பெய்த மறுநாளும் வேண்டாம், களிமண் சோப்புப் போல வழுக்கும். யாராவது வெயிலில் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ, ‘கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள். உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறியபடியே 108ஐ அழையுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் செட்டிகுளம். மலைமேல் கரும்பு ஏந்திய முருகன், கீழே ஏகாம்பரேஸ்வரர். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் நெரியும், நடைக்காகப் போகிறவர்கள் அதற்கு முன்னோ பின்னோ போகலாம். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பகுதி இது. வயலோரம் வெங்காயப் பட்டறை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். காற்றை மட்டுமே நம்பி வெங்காயத்தைக் காப்பாற்றும் அமைப்பு, குளிர்பதனப் பெட்டி தோற்றுப்போகும்.

கோட்டைப் பிரியர்கள் பெரம்பலூர் தாண்டி வடக்கே ரஞ்சன்குடி போகலாம். 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அகழியோடு அடுக்கடுக்காக எழும். 1751இல் சந்தா சாகிப்பும் முகமது அலியும் ஆளுக்கொரு ஐரோப்பியக் கம்பெனியின் துணையோடு இந்தப் பக்கம்தான் மோதினார்கள். திரும்பும்போது சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் பார்க்க நினைத்தால் திங்கள் அல்லது வெள்ளியாகத் திட்டமிடுங்கள், வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் வழக்கமாக நடை திறக்கும்.

பச்சைமலையை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பங்குனியில் அது காய்ந்த காடு, அருவிகளும் மெலிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், மயிலூற்று அருவியில் தண்ணீர் வந்ததும் அதை எழுதுகிறேன்.