மட்டக்குளிப் பிள்ளைக்கு ஒரு பிள்ளைத்தமிழ்

மூன்றாம் மாதத்திற் காப்பு. ஐந்தாம் மாதத்திற் செங்கீரை. ஏழாம் மாதத்தில் தால். ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி. குழந்தையின் வளர்ச்சியை இவ்வாறு பருவம் பருவமாக வகுத்துப் பாடிய இலக்கியம் எமது பிள்ளைத்தமிழ். குழந்தை தலைநிமிர்த்தி அசைவதும், தாலாட்டுக்கு நாவசைப்பதும், கைகொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் கொண்டாடத்தக்கவை என்பதைத் தமிழ்ப் புலவன் நன்கறிந்திருந்தான். ஆனால் அவன் யாருடைய பிள்ளையைப் பாடினான்? 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடினார். பின்வந்தோர் முருகனையும் மீனாட்சியையும் பாடினர். அரண்மனைத் தொட்டிலுக்கும் கோயிற் கருவறைக்கும் பருவங்கள் பத்தும் குறைவின்றிக் கிடைத்தன.

மட்டக்குளியில், மாதம் நிறையுமுன்னரே பிறந்து, செவிப்புலன் குன்றிய இரட்டைப் பிள்ளைகளுக்குப் பருவம் வகுப்போர் யார்? அவர்களுடைய தாலுக்கும் சப்பாணிக்கும் காவல் யார்? இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களனி கங்கை கடலிற் கலக்கும் இடத்தருகே, கொழும்பின் வடகோடியிலே அமைந்தது மட்டக்குளி. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் சந்தைகளிலும் உழைப்போர் வாழும் பகுதி அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே சுவருக்குச் சுவர் அயலவர். அங்குள்ள தொழிலாளி வீடொன்றை எண்ணிப் பாருங்கள். முப்பது வாரத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்துவிடுகின்றன. இது அரிதான நிகழ்ச்சியன்று. உலகிற் பிறக்கும் குழந்தைகளிற் பத்தில் ஒன்று 37 வாரம் நிறையுமுன் பிறக்கிறது. இரட்டையர்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே பிறக்கின்றனர். உள்ளங்கையில் அடங்கும் தலையும், மூச்சுவிடத் தெரியாத நெஞ்சுமாக அக்குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்காகக் கிடக்கின்றன. பின்னர் உயிரோடு வீடு திரும்புகின்றன.

இந்த உயிர்களைக் காத்தது எது? தலைவிதியா? இல்லை. மக்கள் பணத்தில் நடக்கும் இலவச வைத்தியசாலைகளும், அங்கே இரவு பகலாக விழித்திருக்கும் தாதியரும் காத்தனர். 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவும், அதன் வழியே ஊர் ஊராக வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவமாதும் இட்ட அடித்தளம் அது. 1940களின் நடுப்பகுதியில் இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 முதலாண்டு நிறைவைக் காணவில்லை. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதை மதிப்பதனாலேயே அடுத்த வினாவையும் கேட்கிறோம்: உயிரைக் காத்த சமுதாயம், அவ்வுயிருக்கு மொழியைக் கொடுத்ததா?

குறைமாதக் குழந்தையின் செவியை அபாயங்கள் பல சூழ்ந்து நிற்கின்றன. மூச்சுத்திணறலால் ஒட்சிசன் குறையலாம். கடும் மஞ்சட்காமாலை கேட்கும் நரம்பைத் தாக்கலாம். கிருமித்தொற்றிலிருந்து உயிரைக் காக்க ஏற்றும் ஜென்ராமைசின் போன்ற மருந்தே சிலவேளை உட்செவியின் நுண்ணிய உணர்கலங்களை அழிக்கலாம். பொதுவாகப் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றுக்கு நிலையான கேள்விக் குறை உண்டு; தீவிர சிகிச்சையிற் கிடந்த குழந்தைகளிலோ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு என நீண்டகாலமாகக் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. இது மருத்துவரின் குற்றமன்று. ஆனால், அபாயம் உண்டென்று அறிந்தும் பரிசோதியாமல் வீட்டுக்கு அனுப்பினால் அது நிச்சயமாகக் குற்றம்.

அறிவியல் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் செவிப்பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். ஆறு மாதத்துக்கு முன் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளம், பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மிகுந்திருப்பதை 1998இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. குறைமாதப் பிள்ளைக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. உட்செவியின் எதிரொலியை மட்டும் அளக்கும் சோதனையில் சில பிள்ளைகள் தேறிவிடுவர். ஆயினும் அவர்களது நரம்பு ஒலியை மூளைக்குச் சேர்ப்பதில்லை. ஆகவே, தீவிர சிகிச்சையிற் கிடந்த பிள்ளைக்கு நரம்பின் வழியே மூளைத்தண்டுவரை ஒலி செல்கின்றதா என அளக்கும் சோதனையே வேண்டும்.

இங்கேதான் எமது வீடுகளில் அன்பின் பெயரால் ஓர் அநீதி நிகழ்கின்றது. “குறைமாதப் பிள்ளை, மெல்லத்தான் பேசும்” என்கிறாள் பாட்டி. “இரட்டைப் பிள்ளைகள், பிந்தித்தான் பேசுங்கள்” என்கிறாள் அயல்வீட்டு அக்கா. இதில் பாதி உண்மை உண்டு. குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணலாகாது. பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்தே எண்ணவேண்டும். பத்து வாரம் முந்திப் பிறந்த பிள்ளை தவழவும் உட்காரவும் பத்து வாரம் பிந்தினால் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் இந்த நியாயத்தைச் செவிக்கும் நீட்டிவிடுகிறோம். தவழ்தல் பிந்தினாலும் வந்து சேரும். கேளாத செவியோ காத்திருந்தாற் கேட்கத் தொடங்காது. ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது எனக் காத்திருந்து, மொழி வேரூன்றும் பருவத்தைக் கடத்திவிட்டு, அதன்பின் அப்பிள்ளைக்கு ‘ஊமை’ என்று பெயர் சூட்டுகிறோம். அப்பிள்ளையின் குரல்வளையில் எக்குறையும் இல்லை, நாவிலும் இல்லை. அந்த ஊமைத்தனம் பிறப்பில் வந்ததன்று. நாம் செய்தது.

இவ்விடயத்தில் மூவகையினரோடு நாம் போராடவேண்டியுள்ளது.

முதலாவது வகையினர் ஊழ்வினைக்காரர். முற்பிறப்பிற் செய்த வினை என்பர். கிரகணத்தன்று தாய் வெளியே போனாள் என்பர். பெற்ற வயிற்றின் வேதனை ஆறுமுன்னரே பழியையும் அவள் தலையில் ஏற்றிவிடுவர். காமாலைக்கும் கிருமிக்கும் மருந்து தேடிய அறிவு, செவி என்றதும் ஏன் சோதிடனிடம் சரணடைகின்றது?

இரண்டாவது வகையினர் சந்தைக்காரர். ஒரு பிள்ளைக்கு இரண்டு செவி; இரட்டையருக்கு நான்கு. நான்கு செவிக்கும் நான்கு கருவி. ஒவ்வொரு காதின் அளவுக்கும் வார்த்தெடுக்கும் அடைப்பு வேறு. குழந்தையின் காது வளர வளர அதனைச் சில மாதங்களுக்கொரு முறை புதிதாக வார்க்கவேண்டும். சிறு பற்றறியை வாரந்தோறும் மாற்றினால் ஆண்டுக்கு இருநூற்றுக்கு மேல் வேண்டும். கொழும்பின் புழுக்கமும் வியர்வையும் கருவிக்குள் ஈரமேற்றும். கருவியும் போதாத செவிக்கு உட்செவியிற் பொருத்தும் கொக்லியர் கருவியின் விலையோ பல இலட்சம். இவை யாவும் டொலருக்கு வாங்கும் பண்டங்கள். 2022ஆம் ஆண்டிலே ரூபா வீழ்ந்து, டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைக் கடந்தபோது, வீழ்ந்தது நாணயம் மாத்திரமா? நாட்கூலியில் வாழும் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளின் ஓசையும் அதனோடு வீழ்ந்தது. குழந்தையின் முதற் சொல்லை நாணயச் சந்தை தீர்மானிக்கும் ஒழுங்கை நாம் நாகரிகம் என்பதா?

மூன்றாவது வகையினர் எம்மவரே. எழுதுவோரும் மேடையிற் பேசுவோரும். “தாயின் தவம்”, “அன்பின் அற்புதம்” என்று கண்ணீர் மல்க எழுதிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர். அத்தாய் இரு குழந்தைகளையும் இடுப்பிற் சுமந்து பஸ் மாறி மாறிச் சிகிச்சைக்குச் செல்கிறாள், சம்பள நாளை இழக்கிறாள், நித்திரையை இழக்கிறாள். அவளைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுக்கு எதையும் கொடுக்கவேண்டியதில்லையல்லவா? தியாகத்தைப் போற்றுவோர், அத்தியாகத்தைத் தேவையாக்கிய குறையைத் தொடுவதில்லை. அத்தாய்க்கு வேண்டியது ஒரு நிலையம். அங்கே பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை. பிள்ளையோடு அவளும் அமர்ந்து கற்க ஓர் ஆசனம். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, குழந்தைப் பருவத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்து, பெற்றோரையும் உடன் அமர்த்திப் பயிற்றும் முறையால் இது இயலும் என்று காட்டியிருக்கின்றது.

எந்த மொழியிற் பயிற்றுவது? இதிலும் ஒரு பழைய கொடுமை உண்டு. 1880இல் மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, கைமொழியை வகுப்பறையிலிருந்து விலக்கி, வாய்ப்பேச்சே வழி என்று தீர்மானித்தது. அங்கே கூடியோர் பெரும்பாலும் காது கேட்பவர்களே! அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010ஆம் ஆண்டு வன்கூவர் மாநாடுவரை, 130 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில், 1960இல் வில்லியம் ஸ்ரோக்கோ, கைமொழி இலக்கண அமைப்புடைய முழுமையான மொழி என நிறுவினார். 1991இல் வெளிவந்த ஆய்வு, கைமொழி பேசும் வீட்டில் வளரும் செவிப்புலனற்ற குழந்தைகள் பத்தாம் மாதமளவில் கைகளாலேயே மழலை பேசுவதைக் கண்டது. நிக்கராகுவாவிலோ, 1970களின் இறுதியிலும் 1979 புரட்சியை அடுத்தும் பாடசாலைகளில் ஒன்றுசேர்ந்த பிள்ளைகள், எவரும் கற்பிக்காத ஒரு புதிய கைமொழியைத் தாமே படைத்தனர். தனித்தனி வீடுகளில் ‘ஊமை’ என ஒதுங்கிக் கிடந்தோர் கூடியதும் மொழி பிறந்தது! மொழி சமுதாயத்தின் படைப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆகவே, கருவியா கைமொழியா என்ற வழக்கு வீணானது. கருவியால் வரும் ஓசையும் வரட்டும். கையால் வரும் மொழியும் வரட்டும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை மொழியின்றிக் கிடக்கலாகாது.

தமிழ்ப் பிள்ளைக்கு மேலுமொரு தடை உண்டு. 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிய பாடசாலை, இரத்மலானையில் நிலைபெற்று, இந்நாட்டிற் செவிப்புலனற்றோர் கல்விக்கு வழிதிறந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956இலே, தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் போற்றத்தக்க பணி புரிந்தவை. ஆனால் மட்டக்குளியிலிருந்து கைதடி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தலைநகரிற் பிறந்த பிள்ளை, தன் தாய் பேசும் மொழியில் உதட்டசைவை வாசிக்கவும் எழுத்தறியவும் தாயைப் பிரிந்து போகவேண்டுமென்றால், அதற்குப் பெயர் கல்வியா, நாடுகடத்தலா? வீட்டில் ஒரு மொழி, பயிற்சி அறையில் வேறொரு மொழி என்றால், ஒரு மொழிக்கே போராடும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்பதா?

“ஏழை நாடு, பணம் எங்கே?” என்பர். 1940களில் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொணர்ந்தபோது இந்நாடு செல்வந்த நாடாகவா இருந்தது? ஊருக்கு ஊர் மருத்துவமாது நடந்தபோது கருவூலம் நிரம்பி வழிந்ததா? நாடு அன்று ஏழை. மக்களின் உரிமைக் குரல் வலிது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பேசுகின்றது. 2016இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது. ஒப்பம் இட்ட பேனாவுக்கு மை கிடைத்தது; பிள்ளையின் செவிக்கருவிக்குப் பற்றறி கிடைக்கவேண்டாமா?

எமது கோரிக்கைகள் எளியவை. தீவிர சிகிச்சையிற் கிடந்த ஒவ்வொரு குழந்தைக்கும், இரட்டையராயின் இருவருக்கும், வீடு திரும்புமுன் உரிய செவிப்பரிசோதனை நடைபெறவேண்டும். அதன் முடிவு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிற் பதியப்பட்டு, மருத்துவமாதால் தொடர்ந்து கவனிக்கப்படவேண்டும். கருவியும் அடைப்பும் பற்றறியும் தடுப்பூசியைப் போல் இலவசமாக, இடையறாது கிடைக்கவேண்டும். பஸ்ஸில் எட்டும் தூரத்தில், தமிழிலும் சிங்களத்திலும், பேச்சையும் கைமொழியையும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கற்பிக்கும் நிலையங்கள் வேண்டும். ஆசிரியர் கலாசாலைகளிற் கைமொழி பாடமாகவேண்டும். செவிப்புலனற்றோரே அதன் ஆசிரியராகவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் முதற் பல் முளைத்த பிள்ளைக்கு நாம் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். புத்தகமும் பேனாவும் நகையும் முன்னே பரப்பி, பிள்ளை எதை எடுக்கின்றதெனப் பார்த்து அதன் எதிர்காலத்தைச் சொல்கிறோம். அழகிய வழக்கம், கைவிடவேண்டியதில்லை. ஆனால் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பிள்ளை எடுக்கும் பொருளன்று. சமுதாயம் அதன் முன் பரப்பிவைக்கும் பொருள்களே.

அந்த இரட்டையரின் பருவங்களும் கொண்டாடப்படட்டும். கருவியணிந்த முதல் நாள். கூரையிற் காகம் கரைய ஒருத்தி தலைதிருப்பிய நாள். கருவியால் ஓசை பெறாத மற்றவள், விரல் மடக்கிப் ‘பால்’ என்று கேட்ட நாள். ஒரே பொம்மைக்காக ஒருத்தி வாயாலும் ஒருத்தி கையாலும் சண்டையிட்ட நாள். தாலப் பருவம் ஒருத்திக்குப் பிந்தி வரட்டும். சப்பாணிப் பருவத்திலேயே மற்றவள் பேசத் தொடங்கட்டும். இவை எந்தக் காவியத்துக்கும் குறைந்த பருவங்களல்ல. இவற்றை அரண்மனைப் பிள்ளைக்கு அளந்த அதே மரக்காலால் தொழிலாளியின் பிள்ளைக்கும் அளந்து கொடுப்பதே முற்போக்கு. அதற்குப் புலவர் மட்டும் போதாது, போராடுவோர் வேண்டும்.