கொக்கலை: விமானத்தளத்துக்கு முன்னால் ஓர் ஊர் இருந்தது

மதுரை - திருநெல்வேலி சாலையில் போகிறவர்கள் கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடத்தைப் பார்த்திருப்பார்கள். அதே ஊர்ப்பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் கிடக்கிறது. 1799-இல் தூக்கிலிடப்பட்டவனுக்குப் பாட்டும் கூத்தும் சினிமாவும் உண்டு. ஓடுதளம் கிடக்கும் மண்ணைப் பற்றி ஒரு சிறுகதைகூட எங்கள் கண்ணில் பட்டதில்லை. உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளத்துக்கும் இதே கதிதான். (சோழவரத்துக்காவது மோட்டார் பந்தயம் என்று ஒரு பிற்கால வாழ்வு வாய்த்தது.)

இந்த மௌனத்தை எண்ணும்போதெல்லாம் எங்களுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள கொக்கலை நினைவுக்கு வருகிறது. இலங்கையின் தென்கரையில், காலிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர் அது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே கடல்விமானத் தளம் அமைத்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கேட்டலினா விமானத்தில் கிளம்பிய லியனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் போர்க்கைதியானார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது நகரம் ஓரளவு ஆயத்தமாக இருந்தது. 'இலங்கையின் மீட்பர்' என்று அவருக்குப் பெயர். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இடையில் நில்லாமல் பறந்துவந்த விமானங்கள் இறங்கியதும் இந்த ஏரியில்தான். வழியில் பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்களாம்!

போர் முடிந்தது. ஓடுதளம் இலங்கை விமானப்படையிடம் நிலைத்தது. 1991-இல் அந்தத் தள நிலத்தில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. கட்டுநாயக்க (1978), பியகம (1986) வலயங்களுக்கு அடுத்து வந்தது இது. அரசு ஏடுகளில் கொக்கலையின் வரலாறு இவ்வளவுதான்: முதலில் போர், பிறகு வேலைவாய்ப்பு.

ஆனால் விமானம் இறங்குவதற்கு முன்னால் அங்கே ஓர் ஊர் இருந்தது. சிங்கள நாவலின் தலைமகனான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-இல் பிறந்த மாலலகம அங்கேதான். தளம் அமைப்பதற்காக அங்கிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் போயின. அவர் பிறந்த வீடு மட்டும் எப்படியோ தப்பியது. 1976-இல் மறைந்த அவர் அந்த வீட்டருகே அடக்கமானார். இன்று அந்த வீடும் அதையொட்டிய நாட்டார் அருங்காட்சியகமும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன.

எங்களை உலுக்குவது இந்த நிகழ்ச்சிகளின் காலவரிசை. தம் ஊரைப் பற்றி அவர் எழுதிய 'அபே கம' (எங்கள் ஊர்) வெளிவந்தது 1940-இல். ஊர் அழியப்போகிறது என்று தெரிந்து எழுதிய நூலல்ல அது. சிறுபிராயத்தை நினைத்து எழுதியதுதான் இரண்டே ஆண்டுகளில் அந்த ஊருக்கு மிஞ்சிய ஆவணமாயிற்று. கொக்கலையின் வரலாற்றை எழுதப் புகுகிறவர் ராணுவக் குறிப்புகளுக்கு முன் புரட்ட வேண்டியது அந்த நூலைத்தான் என்பது எங்கள் துணிபு.

'இது வெறும் ஊர்ப்பாசம்' என்று சிலர் சொல்லக்கூடும். நாங்கள் உடன்பட மாட்டோம். 1944-இல் வந்த 'கம்பெரலிய'வை (தமிழில் 'கிராமப் பிறழ்வு', எம்.எம். உவைஸின் மொழிபெயர்ப்பு) வாசித்துப் பாருங்கள். பழைய குடும்பமொன்று நொடித்துப் போவதும் வணிகச் செல்வம் தலையெடுப்பதுமே அதன் கதை. அதில் விமானத்தளம் கிடையாது. தளம் வராதிருந்தாலும் ஊர் அப்படியே இருந்திருக்காது என்பதை விக்கிரமசிங்கவே எழுதிவைத்துவிட்டார். மாறுவது வேறு, ஒரு நாளில் துடைத்தெறியப்படுவது வேறு.

வலயத்தையும் பழித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. இலங்கையின் வலயங்களில் ஆடை தைத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். கட்டுநாயக்க வலயப் பெண்களுக்காக 1984-இல் 'தபிந்து' (வியர்வைத் துளி) என்ற சிங்கள இதழ் தொடங்கியது. ஆலைப் பெண்களின் கவிதைகள் அதில் வந்தன. ஆக, இழந்த ஊரும் எழுதப்பட்டது, அந்த இழப்பின்மேல் எழுந்தது போன்ற ஆலைகளும் எழுதப்பட்டன.

சுந்தரபாண்டியத்தில் உட்கார்ந்துகொண்டு கொக்கலையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. கரிசல் எழுத்து சம்சாரியையும் தீப்பெட்டி ஆலையையும் எழுதியிருக்கிறது. அந்தப் பரப்பில் எந்தப் புஞ்சைக்கு என்ன பெயர், ஆடு மேய்ப்பவர்கள் எந்தத் தடத்தில் போவார்கள், எந்த ஓடையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் சுற்றுப்பட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் நோட்டுப்புத்தகத்தில் கிறுக்கி வைத்திருந்தாலும் சரி, நாங்கள் வாசிக்கக் காத்திருக்கிறோம்.