குண்டு துளைக்காத அங்கி

2024 டிசம்பரில், 100 வயதில் ஜிம்மி கார்ட்டர் மறைந்தபோது அஞ்சலிகள் அவரை மனித உரிமைக் காவலராக வழியனுப்பின. பதவியை விட்ட பிறகு அவர் செய்த பணிகளுக்கு அந்தப் பெயர் தகும். பதவியில் இருந்த நான்காண்டுகளுக்குத் தகாது. அவர் மனதறிந்து பொய் பேசினார் என்று நாம் சொல்லவில்லை. விதிவிலக்கை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் விதியை அறிவித்தார் என்கிறோம். 1977 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ், அர்ஜென்டினா, உருகுவே, எத்தியோப்பியா ஆகிய நாடுகளுக்கான உதவியை உரிமை மீறலுக்காகக் குறைப்பதாக செனட் குழுவிடம் சொன்னார். தென் கொரியாவில் கை வைக்க முடியாது, அங்கே ராணுவப் பாதுகாப்பு முக்கியம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். அர்ஜென்டினச் சிறையிலிருந்து பத்திரிகையாளர் டிமர்மான் உயிரோடு மீண்டதில் அமெரிக்க அழுத்தத்துக்குப் பங்குண்டு; மறுக்கவில்லை. ராணுவக் கணக்கு குறுக்கே வந்த இடங்களில் என்ன ஆயிற்று?

எல் சால்வடோரைப் பார்க்கலாம். 1980 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, ராணுவ உதவி வேண்டாம் என்று கார்ட்டருக்கு எழுதிய கடிதத்தை மக்கள் முன் வாசித்தார். அதில் அவர் காட்டிய சான்று துப்பாக்கி அல்ல. அமெரிக்கா ஏற்கெனவே கொடுத்திருந்த வாயு முகமூடிகளும் குண்டு துளைக்காத அங்கிகளும். உடம்புக்குக் காப்பு கிடைத்ததும் பாதுகாப்புப் படை முன்னிலும் மூர்க்கமாக மக்களை ஒடுக்குகிறது என்றார். அடுத்து வரவிருந்த 57 லட்சம் டாலரிலும் லாரி, தகவல்தொடர்புக் கருவி போன்றவைதான்; 'உயிர்க்கொல்லி அல்லாதவை' என்று அதற்கொரு பெயர். லாரி யாரையும் கொல்வதில்லைதான். கொல்கிறவனை ஊருக்குள் இறக்கிவிடும், அவ்வளவே. மார்ச் 24 அன்று ரொமேரோவைப் பீடத்தருகே சுட்டுக் கொன்றார்கள். உதவி நிற்கவில்லை.

கார்ட்டர் உரிமை பேசியே ஈரானின் ஷாவையும் நிகரகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவையும் கவிழவிட்டார் என்று வலதுசாரி ஜீன் கிர்க்பாட்ரிக் 1979-ல் எழுதினார். 1977-ன் கடைசி இரவில் தெஹ்ரான் விருந்தில் அதே ஷாவின் நாட்டை நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தவரைப் பற்றிய பேச்சு இது! கார்ட்டரின் ஆதரவாளர்கள் சொல்லும் சமாதானம் இன்னும் கனமானது: எல் சால்வடோரில் ஒருபக்கம் கொரில்லாக்கள், மறுபக்கம் கொலைப்படைகள், நடுவில் இருந்த மிதவாதிகளைக் காக்கத்தான் உதவி என்பார்கள். ஆனால் அந்த நடுவைத் தீர்த்துக்கட்டியவர்கள் யார்? 1980 நவம்பரில் எதிர்க்கட்சி முன்னணித் தலைவர்கள் ஆறு பேரைக் கடத்திக் கொன்றார்கள். டிசம்பரில் தேசியக் காவல்படையினர் நான்கு அமெரிக்கத் திருச்சபைப் பெண்களைக் கொன்றபோதுதான் உதவி நின்றது. அதுவும் ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகமான காலத்துக்குத்தான். 1981 ஜனவரியில், பதவி முடியச் சில நாள்களே இருக்கையில், கார்ட்டர் அதைத் திறந்துவிட்டார். இந்த முறை பட்டியலில் ஆயுதங்களே இருந்தன.