அயல் வீட்டுச் சமயம்

கொழும்பிலே ஆண்டு முழுவதும் கற்பித்துக் களைத்த ஆசிரியனுக்கு ஆகஸ்ட் விடுமுறை ஒரு வரப்பிரசாதம். இம்முறை அதனை மனைவி மக்களோடு வண்ணார்பண்ணையிலுள்ள என் தாயார் வீட்டிற் கழிப்பதென்று முடிவு செய்திருந்தேன். அவ்வேளையில், ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு ஐந்து வாரம் சமய வரலாறு கற்பிக்குமாறு யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்று அழைத்தது. காலையில் வகுப்பு, மாலையில் வீடு. ஒன்று மற்றதற்கு இடையூறாகுமோ என்ற அச்சத்தோடுதான் ஒப்புக்கொண்டேன். ஐந்து வாரம் கழிந்தபின் எண்ணிப் பார்க்கையில், வகுப்பிற் கற்பித்ததைவிட வீட்டிற் கற்றது அதிகம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பெரும்பாலோர் சைவர், ஏழு பேர் கத்தோலிக்கர், மூவர் புரட்டஸ்தாந்தர், இருவர் முஸ்லிம்கள். முதல் நாள், தம் சமயமல்லாத வேறொரு சமயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு கேட்டேன். பெரும்பாலான தாள்கள் ஐந்தாறு வரிகளோடு நின்றுவிட்டன. நல்லூர் வீதியால் நாள்தோறும் போய்வரும் கத்தோலிக்க மாணவர் ஒருவர், தேர் இழுப்பார்கள், கற்பூரச் சட்டி எடுப்பார்கள் என்பதற்குமேல் எழுதவில்லை. தேவாலயத்துக்கு அடுத்த வீட்டிற் பிறந்து வளர்ந்த சைவ மாணவி ஒருவருக்கு நத்தார்ப் பண்டிகைக்கு அப்பால் ஒன்றுந் தெரிந்திருக்கவில்லை.

இவர்களைக் குறைகூற நான் முன்வரேன். நம் நாட்டுப் பாடசாலைகளிலே சமயம் கட்டாய பாடம். ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே கற்கின்றது. சமய பாடத்துக்கு மணி அடித்ததும் ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து செல்கிறார்கள். பதினொரு ஆண்டுகள் இவ்வாறு பிரிந்து கற்றவர்கள் நாளை ஆசிரியராகி, அதே மணியோசைக்குத் தம் மாணவரையும் பிரித்து அனுப்புவார்கள்.

அன்று மாலை வீடு திரும்பியபோது சோளகம் வீசிக்கொண்டிருந்தது. பனங்காய்ப் பணியாரத்துக்காக என் தாயார் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். அப்பாச்சியின் கையையே பார்த்தபடி என் மக்கள் இருவரும் பக்கத்திற் குந்தியிருந்தனர். கொழும்பிலே தொலைபேசித் திரையை விட்டு எழும்பாத பிள்ளைகள் அவர்கள். ஒல்லாந்தர் காலக் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. விரத நாளிலே சைவர்கள் மறைவாக உணவருந்தி, உண்ட வாழையிலையை வெளியே வீசினால் அதிகாரிகளின் கண்ணிற் படுமென்று அஞ்சிக் கூரையிறப்பிலே செருகி ஒளித்தார்கள் என்னும் வழிவழிச் செய்திதான் அது. நானும் அந்தக் கதையை அதே திண்ணையிற் கேட்டு வளர்ந்தவன்.

மறுநாள் அக்கதையை வகுப்பிற் சொன்னேன். சில்லாலையைச் சேர்ந்த கத்தோலிக்க மாணவி ஒருவர் எழுந்து, தம் பாட்டியாரும் ஒல்லாந்தருக்கு ஒளித்த கதை சொல்வார் என்றார். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றினர். 1687 இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, யோசப் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் வந்து சேர்ந்தார். அவருக்குப் புகலிடம் தந்த ஊர்களுள் ஒன்று சில்லாலை. பின்னர் அவர் கண்டி இராச்சியத்துக்குச் சென்று, முதலிற் சிறைப்பட்டு, பிறகு பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். 1711 இல் கண்டியிலேயே காலமான அவர் 2015 இற் புனிதராக அறிவிக்கப்பட்டார். சைவ மாணவர் பலர் இதனை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டனர்.

இதனை வீட்டிற் சொன்னபோது என் மகன் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தானே பயந்திருக்கினம்?” என்றான். பல நாள் விரிவுரையில் நான் விளக்க எண்ணியிருந்ததை அவன் ஒரே வரியிற் சொல்லிவிட்டான்.

மூன்றாம் வாரத்திலே முஸ்லிம் மாணவர் ஒருவர் எழுந்தார். அமைதியான பிள்ளை. “சேர், எல்லாரும் பட்ட துன்பத்தைப் படிக்கிறம். எங்கட ஆக்கள் இஞ்சையிருந்து போனது எந்தப் பாடத்திலை வரும்?” என்று கேட்டார். வகுப்பு மௌனமாயிற்று. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டு வெறுங்கையோடு போனவர்களிற் பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். என் பாடத்திட்டமோ பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்திருந்தது. நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்கெல்லாம் அதில் இடம் ஒதுக்கியிருந்த நான், நம் அயலாருக்கு நம் மத்தியிலேயே இழைக்கப்பட்டதற்கு ஓர் அரைமணி நேரமும் வைக்கவில்லை. அதனை அவ்விளைஞரிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த நாள் வகுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, பின்வாங்கில் இருந்து கேட்டேன்.

அன்றிரவு சாப்பாட்டின்போது இதனைச் சொன்னேன். என் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், சோனகத் தெருவிலிருந்த ஒரு தாயாரைப் பற்றிச் சொன்னார். பெருநாள்தோறும் வட்டிலப்பம் கொண்டுவந்து தருபவர். தைப்பொங்கலுக்கு நம் வீட்டிலிருந்து பொங்கல் போகும். “அவையள் போன அண்டைக்கு நாங்கள் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்திட்டம்” என்றார். வாழையிலைக் கதையை நூறுமுறை சொன்ன என் தாயார், படலை சாத்திய கதையை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். பிள்ளைகள் சோற்றிற் கை வைத்தபடியே கேட்டிருந்தனர்.

என் அபிப்பிராயம் இதுதான். ஆசிரியராகப் போகும் ஒவ்வொருவரும் இந்நாட்டின் நான்கு சமயங்களின் வரலாற்றையும், எல்லாச் சமயத்தவரும் கூடியிருக்கும் ஒரே வகுப்பிற் கற்றல் வேண்டும். நாம் ஒளித்த கதைகளோடு நாம் கதவடைத்த கதைகளும் அங்கே சொல்லப்படல் வேண்டும். தான் பட்ட துன்பத்தை மட்டும் சொல்லும் வரலாறு வரலாறாகாது. அது முறைப்பாட்டுப் புத்தகமாகிவிடும்.

பிற சமயத்தைக் கற்றால் இளைஞரின் சொந்தப் பற்றுக் குன்றிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு ஆறுமுக நாவலரை நினைவூட்ட விரும்புகிறேன். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர் அவர். அந்நூலை அவ்வளவு நெருங்கிக் கற்றவரே 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அயலார் வேதத்தை அறிந்ததால் அவரது சைவம் தேய்ந்ததென்று யார் சொல்வார்?

கொழும்புத் தேசிய நூதனசாலையிலே 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்லொன்று இருக்கின்றது. சீனக் கடலோடி செங் ஹோ கொண்டுவந்த அக்கல் 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பெரிதும் ஒத்தது. கடல் கடந்து வந்தவர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அறிந்திருந்த மரியாதையை, ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்ளும் நாம் அறியாதிருத்தல் தகுமா?

விடுமுறையின் கடைசி நாள் அந்த மாணவரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். என் தாயார் படலைவரை நடந்து சென்று அவரை வரவேற்று, பனங்காய்ப் பணியாரத்தைத் தம் கையாலேயே கொடுத்தார். பழைய அயலவரின் பெயரைச் சொல்லி, அறிவாரோ என்று விசாரித்தார். புத்தளத்தில் விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லி அவர் விடைபெற்றார். அவர் போனபின்னும் என் தாயார் படலையைச் சாத்தாமல் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.