பிசாவ் துறைமுகம் சொல்லும் பாடம்

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில், செனகலுக்கும் கினியாவுக்கும் நடுவே இருக்கும் சிறு தேசம் கினி-பிசாவ். பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பலாந்தா, ஃபுலா, மண்டிங்கா எனப் பல இன மக்கள். நம்மைப்போலவே சோறு உண்பவர்கள். உப்புநீரை வரப்பிட்டுத் தடுத்து நெல் விளைவிப்பவர்கள்.

1959 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பிசாவ் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். போர்ச்சுக்கீசிய ஏகாதிபத்தியம் துப்பாக்கியால் பதில் சொன்னது. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். 1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட வடசென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயிர்த்தொழில் நிபுணரான அமில்கார் கப்ராலும் தோழர்களும் ஒரு பாடம் கற்றனர்: துறைமுகம் தனித்து நின்றால் வெல்லாது. கிராமங்களுக்குச் சென்றார்கள், விவசாயிகளைத் திரட்டினார்கள். 1963-இல் ஆயுதப் போர் மூண்டது. 1973 ஜனவரியில் கப்ரால் கொல்லப்பட்டார்; ஆயினும் அதே ஆண்டு செப்டம்பரில் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. 1974-இல் போர்ச்சுக்கல் பணிந்தது.

கொடி மாறியது; சுரண்டல் மாறவில்லை. அந்நாட்டு ஏற்றுமதியில் பெரும்பகுதி முந்திரிக்கொட்டை. அது உடைக்கப்படாமலே கப்பலேறுகிறது. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வருகிறது. கொல்லத்திலே அதை உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டுப்பால் பொசுக்குகிறது. விளைவிப்பவனுக்கு விலை பேச உரிமையில்லை. உடைப்பவளுக்குக் கூலி பேச உரிமையில்லை. நடுவில் நிற்கும் முதலாளிக்கே லாபம்!

ராயபுரத்துத் தோழர்களே, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தோழர்களே! வயலில் உழைப்பவரை விட்டுவிட்டு நாம் வெல்ல முடியாது. விவசாயத் தொழிலாளியின் கூலிப் போராட்டமும் நமது போராட்டமே. பிசாவ் தரும் பாடம் இதுதான்.